என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் எழுதியனுப்பிய ஆலோசனை

கனடாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பென்னலூரிலிருந்து என் தங்கை தொலைபேசியில் தனக்குக் கல்யாணம் என்று அறிவித்தாள். ஐம்பதைத் தொட்டவள், கணவனை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சூப்பர்வைசர். மணமகன் அந்தக் கேன்டீனுக்குக் காய்கறி வேன் ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். அவருடைய ஊரை நான் கேட்கவில்லை. வேன் என்றதுமே கேட்பதை நிறுத்திவிட்டேன்.

"அப்பா இல்ல. நீதாண்ணா தாரை வார்க்கணும்," என்றாள்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இத்தகைய விஷயத்துக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது தகுதிக்கு ஒவ்வாது என்று கருதி, கடிதம் எழுதினேன். எதிர்த்தால் பிற்போக்காளன் என்பார்கள். ஆதரித்தால் உறவினர் முகம் சுளிப்பார்கள். ஆகவே 'எளிமை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மண்டபம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம்; நம்மை யாரும் அறியாத மறைமலை நகரில் ஏதேனும் ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டால் போதும்; நான் வந்தால் வீண் ஆரவாரம், இங்கிருந்தே வாழ்த்துகிறேன். வாய்விட்டு வாசித்துப் பார்த்து, என் நடையை நானே மெச்சிக்கொண்டேன். மகன் அதைப் படமெடுத்து அனுப்பினான்.

மறுநாள் அவளே அழைத்தாள். பின்னால் கேன்டீன் தட்டுகளின் சத்தம்.

"இன்னாண்ணா, மறைமலை நகர்ல நம்மள யாருக்கும் தெரியாதா? அவரு வூடே அங்கதான கீது! தெருவே கெளம்பி வருது."

"அப்படின்னா வேற ஊர் பாரும்மா."

"நான் இன்னா திருடிக்கினு ஓடறனா? மண்டபம் சொல்லியாச்சு. ரெண்டு ஷிப்ட் ஆளுங்களும் வராங்கோ. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், அண்ணன் வராரான்னு. நீ வரலன்னா என்னை யாரும் பேச மாட்டாங்கோ. படிச்சவரு ஒளிஞ்சிக்கினாருன்னு உன்னத்தான் பேசுவாங்கோ."

பழி என் மீதும் விழக்கூடும் என்பது எனக்குப் புதிய செய்தி.

"உனக்குப் பதிலா தாரை வார்க்க சித்தப்பா மவன் நிக்கறேன்றான்," என்றாள், குரல் தணிந்து. "நான்தான் வேணான்னுட்டேன்."

பயணச்சீட்டு எடுக்கும்படி மகனிடம் சொன்னேன். குடும்ப கௌரவம் கருதி என்று விளக்கமும் தந்தேன். அவன் சிரித்ததைக் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

மணவறையில், ஊரார் பார்க்கட்டும் என்று முதுகை நிமிர்த்தி நின்றேன். அவள் கையை அவர் கையில் வைத்து, செம்பைச் சாய்த்தேன். ஏனோ எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

"ஐயா, கைமேல ஊத்துங்கோ," என்றார் புரோகிதர். "மாப்பிள்ளை வேட்டி நனையுது."