அண்ணியும் ஓர் ஆங்கிலத் தபால் நிலையமும்

“பாப்பா, அங்க கொஞ்சம் நிப்பாட்டு” என்பார் அண்ணி. நான் வீடியோ டெக்கின் பொத்தானை அழுத்துவேன். திரையில் இரண்டு பேர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்கள். அவர்கள் முகத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். அண்ணி அவர்களைப் பார்க்க மாட்டார், அவர்களுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே ஈரமான ஒரு தெரு, செங்கல் சுவர், ஒரு சிவப்புத் தபால் பெட்டி. பாயிலிருந்து எழுந்து போய், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இந்த மாதிரித் தெருவில்தான் உன் அண்ணன் நடந்து வேலைக்குப் போவாரா என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஆமாம் என்பேன். அதற்குப் பிறகுதான் படம் மறுபடி ஓடும்.

யாங்கோனில் போத்தடாவ் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அம்மா, அண்ணன், நான். எண்பத்தெட்டில் மாணவர் போராட்டம் வந்ததும் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவைச் சேர்ந்தவர். வீட்டில் பேசுகிற தமிழும் வெளியில் பேசுகிற பர்மியமும் அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பெயரை எழுதுவதற்கு மேல் தெரியாது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆனாலும் வந்த அன்றைக்கே என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் பயணம் போய் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், எந்த நாட்டு டேப்பும் ஓடும் என்று சொல்லி ஒரு வீடியோ டெக்கும் கொண்டுவந்தார். இரண்டாவது பயணத்தில், இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர், கப்பலுக்குத் திரும்பவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊர்க் கப்பல்காரர்கள் பலர் அப்படிச் செய்தார்கள். கையில் சரியான காகிதம் இல்லாததால் அங்கே ஒளிந்துதான் வேலை செய்ய வேண்டும். ஊருக்கு வந்துவிட்டால் மறுபடி போக முடியாது. இரண்டு வருடம் பொறுத்துக்கொள் என்று அண்ணிக்கு எழுதினார். அந்த இரண்டு வருடம் பதினொரு வருடமாயிற்று.

முதல் டேப்பை ஒரு கப்பல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பிஸ்கட் டப்பாவும், எங்கள் ஊர் வெயிலில் யாரும் போட முடியாத ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தன. அண்ணன் தன்னைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஓடியது ஒரு பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர். சின்ன ஊர் ஒன்றின் தபால் நிலையம். அதற்கு விதிமுறைகளை உயிராக மதிக்கும் ஓர் அதிகாரி. முத்திரை குத்தும் மேசையில் அவருடைய தங்கை. தினமும் ஒரு புகாரை எழுதிக்கொண்டு வந்து நிற்கும் ஒரு விதவை. வாரா வாரம் அவ்வளவுதான். அந்த விதவையின் புகார் எப்போதும் ‘தொந்தரவுக்கு வருந்துகிறேன்’ என்றுதான் தொடங்கும். அதற்குப் பிறகு தொந்தரவைத் தவிர வேறொன்றும் இருக்காது.

அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். அண்ணி போகவில்லை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அதிகாரி அந்த விதவையிடம், இந்தப் படிவத்தை வாங்க முதலில் வேறொரு படிவம் நிரப்ப வேண்டும் என்று சொன்ன இடத்தில் அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டார், அப்படியும் அடங்கவில்லை. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரச்சாந்தில் கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. குடும்ப அட்டையில் தன் பெயரைச் சேர்க்க அதற்கு முந்தின வாரம்தான் அவர் மூன்று நாள் அலுவலகத்தில் நின்றுவிட்டு வந்திருந்தார். ‘நாளைக்கு வா’ என்ற சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். அந்த இங்கிலாந்துக்காரர்களும் நம்மைப் போலத்தான் நிற்கிறார்களா என்று அண்ணி அன்றைக்கு ஆச்சரியத்தோடு கேட்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் அண்ணனுக்கு எழுதினேன். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பர்மிய அம்மா ஏறி வந்து தானும் உட்கார்ந்துகொண்டதையும் எழுதினேன். அதன் பிறகு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை டேப் வர ஆரம்பித்தது. எங்களுக்கு மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் சந்து முழுக்கப் பிள்ளைகள் “மீ லாபீ” என்று கத்துவார்கள், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார். பல்கலைக்கழகம் மறுபடி திறந்து நான் போக ஆரம்பித்த பிறகு, பகலில் கரண்ட் இருந்தால் அவர் தனியாகவே போட்டுப் பார்ப்பார். ஒரே டேப்பை முப்பது நாற்பது தடவை பார்த்திருப்பார். இதில் என்ன இருக்கிறது என்று அம்மா அலுத்துக்கொள்வார். இன்றைக்கு யோசிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தத் தபால் நிலையத்தில் எவ்வளவு சண்டை நடந்தாலும் அடுத்த வாரம் அதே ஆட்கள் அதே இடத்தில் இருப்பார்கள். யாரும் எங்கேயும் போய்விட மாட்டார்கள். அண்ணிக்கு அது வேண்டியிருந்தது.

டேப்பின் முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் நீல மையில், சாய்வாக, ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததைக் கைபிடித்துக்கொண்டு போவது போன்ற அழகான கையெழுத்தில் அந்தந்த வாரத்துக் கதையின் பெயர். அண்ணனின் கையெழுத்து எனக்குத் தெரியும், அது இப்படி இருக்காது. மூன்றாவது டேப் வந்தபோதே அது ஒரு பெண்ணின் எழுத்து என்று நினைத்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை. அவரும் அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. எங்கள் சந்திலேயே கப்பலுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

நாலாவது வருடம் வந்த டேப் ஒன்றில், விதவை அதிகாரியின் தங்கையிடம், உன் கணவனைக் காணோமே என்று கேட்கிறாள். அவள் முத்திரை குத்துவதை நிறுத்தாமல், அவரைத் தவறான முகவரியில் பட்டுவாடா செய்துவிட்டார்கள், அங்கே வாங்கிக்கொண்டவள் திருப்பி அனுப்பவில்லை என்கிறாள். டேப்பில் அரங்கமே சிரித்தது. அதை நான் அப்படியே சொல்லவில்லை. கணவர் வெளியூரில் வேலையாக இருக்கிறாராம், கடிதம் தாமதமாகிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தம்மா அப்புடிச் சொல்லலயே, பாப்பா” என்றார். “அவரு தப்பு அட்ரசுக்குப் போயிட்டாரு, அங்க உள்ளவ திருப்பி அனுப்பலன்னுல்ல சொல்றாங்க.”

எவ்வளவு நாளாக அவருக்கு ஆங்கிலம் புரிகிறது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நான் சொன்ன தமிழையும் அவர்கள் பேசிய ஆங்கிலத்தையும் பகலில் தனியாக உட்கார்ந்து ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி அவர் கற்றிருக்கிறார். அண்ணி டேப்பை வெளியே எடுத்தார். அந்த நீல எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது யாரு எழுதுறதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆனால் பார்த்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதை அவர் என் முகத்திலேயே படித்துவிட்டார். அதற்காக என்மேல் கோபப்படவில்லை. நீ சின்னப் பிள்ளை, நீ என்ன செய்வாய் என்றார். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அவரே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அண்ணனுக்கு நாங்கள் எழுதும் அதே முகவரிதான். ஆனால் உறையின் மேல் ‘டேப்பில் எழுதுகிறவருக்கு’ என்று போட்டார். என்னிடம் காட்டி, எழுத்துப் பிழையை மட்டும் பார், வேறு எதையும் மாற்றாதே என்றார். அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘தொந்தரவுக்கு வருந்துகிறேன். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. என் கணவர் சரியான முகவரிக்குத்தான் வந்து சேர்ந்தாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அவர் உங்களுடையவர் என்றால் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால், டேப்புகளுக்கு நன்றி.’ இரண்டு இடத்தில் எழுத்தைத் திருத்தினேன். சிங்கப்பூர் போகும் ஒருவரிடம் கொடுத்து அங்கிருந்து தபாலில் போடச் சொன்னோம்.

நாலு மாதம் பதில் இல்லை. அண்ணி அந்த நாலு மாதமும் டெக்கைத் தொடவில்லை. மீ லாபீ என்று பிள்ளைகள் கத்தினால், எழுந்து துணிகளை இஸ்திரி போடப் போவார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரிடம் நாங்கள் சொல்லவும் இல்லை.

எங்கள் சந்தில் எல்லா மாடி வீடுகளிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்க்காரரும் தபால்காரரும் மாடி ஏற மாட்டார்கள். கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு காலை மணி அடித்தது. அண்ணி பால்கனியில் நின்று கயிற்றை இழுத்தார். உறை பாதி வரும்போதே அந்த நீல எழுத்தை அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது. கயிறு ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்தது.

என்னைப் படிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கதவோரம் உட்கார்ந்து, என் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் தானே படித்தார். முடித்த பிறகு என்னிடம் நீட்டினார்.

எழுதியவர் அண்ணன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. எழுபத்தாறு வயதான விதவை. உங்கள் கணவர் என் மாடியறையில் வாடகைக்கு இருப்பவர், என்னுடையவர் அல்ல, அவர் வறுக்கும் கருவாட்டின் நாற்றத்துக்காக இரண்டு தடவை காலி செய்யச் சொல்ல நினைத்தேன் என்று எழுதியிருந்தார். அந்தத் தொடரை அங்கே திரும்பத் திரும்பப் போடுவார்களாம். முதல் டேப் அவருடைய பழைய டேப். ஊருக்கு அனுப்ப ஏதாவது கிடைக்குமா என்று அண்ணன் கேட்டபோது கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். அண்ணியின் சிரிப்பைப் பற்றி நான் எழுதியதை அண்ணன் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டிய பிறகு, ஒவ்வொரு வாரமும் அவரே உட்கார்ந்து பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறார். அண்ணனுக்கு மாலை நேரத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. ‘அவர் இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை’ என்று எழுதியிருந்தார். ‘என் கணவர் போன பிறகு பல வருடம் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இப்போது ஒவ்வொரு வேடிக்கைக்கும், இந்த இடத்தில் நீங்களும் சிரிப்பீர்களா என்று நினைத்துக்கொள்கிறேன். சிரித்தீர்களா என்று எழுதுங்கள்.’

நான் நிமிர்ந்தபோது அண்ணி அழுதுகொண்டிருந்தார். சந்தேகப்பட்டதற்காகவா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். “ஒங்கண்ணன் ஒரு வார்த்த எழுதலயே, பாப்பா. பாத்திரம் கழுவுறேன்னு எழுதலயே” என்றார். அண்ணன் எழுதியதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்பதுதான்.

அன்றைக்குப் பிறகு கடிதங்கள் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே போய் வந்தன. எந்த இடத்தில் சிரித்தார் என்று அண்ணி பட்டியல் போட்டு எழுதுவார். அந்த அம்மாவும் எழுதுவார். பெரும்பாலும் ஒரே இடம்தான். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தெருவைப் பற்றி அண்ணி ஒருமுறை கேட்டார். அது அட்டையில் வரைந்த தெரு என்று பதில் வந்தது. அண்ணி இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூடவே அந்த அம்மா தன் வீட்டுத் தெருவைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். குப்பைத் தொட்டிகள், ஒரு பூனை, மேகமூட்டம். படத்தின் ஓரத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் அண்ணன், முன்தலையில் முடியில்லாமல்.

சில வருடம் கழித்து அந்த அம்மா இறந்த செய்தியை அண்ணன்தான் எழுதினார். அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பார்த்தேயிராத அந்த மனுஷிக்காக ஒரு விளக்கு ஏற்றினார். கீழ்வீட்டு அம்மா தானும் பங்கு போட்டு, பிக்குகளுக்குச் சோறு கொடுக்க ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். போக்கிடமில்லாத அண்ணன் எங்கள் நாட்டுத் தூதரகத்தில் போய் நின்று, ஒருவழிக் காகிதம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் நான்தான் அவரை முதலில் அடையாளம் கண்டேன். அண்ணிக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரும் அதைப் பிறகு பேசியதில்லை. இப்போது நான் வேறு வீட்டில் இருக்கிறேன், ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தொடர் இப்போது நடைபாதைக் கடையிலேயே வட்டுகளாகக் கிடைக்கிறது. என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன், அவர்களும் அந்தப் படிவத்தின் இடத்தில் சிரித்தார்கள். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அண்ணன் திரும்பி வந்த அந்த முதல் மாதம்தான்.

பாத்திரம் கழுவி வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுவிட்டு நன்றி என்பார், விருந்தாளி போல. அண்ணி அடுப்படியில் என்னிடம், மொத்தமே ஒன்பது மாதம் சேர்ந்து இருந்த மனுஷனிடம் எதைப் பேசுவது என்று தெரியவில்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மின்சாரம் வந்தது. அண்ணி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு டேப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். இன்னொரு டேப்பைக் கையில் எடுத்து அந்த நீல எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் விதவை வந்து நின்றதும் அரங்கம் சிரித்தது, அண்ணியும் சிரித்தார். அண்ணனுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆங்கிலம் தெரியும். ஆனாலும் அவர் அண்ணியின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்தம்மா இன்னும் ஒண்ணுமே பேசலயே. எதுக்குச் சிரிக்கிற?” என்றார். ஊருக்கு வந்த பிறகு அண்ணியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“அது மொதல்லேருந்து சொல்லணும்” என்றார் அண்ணி. “ஒக்காருங்க.”

அண்ணன் பாயில் உட்கார்ந்தார். அண்ணி அந்த அதிகாரியிலிருந்து தொடங்கினார். யார் யாருக்கு என்ன வேண்டும், எதனால் அந்த விதவை தினமும் வருகிறாள், வீட்டுக்காரம்மா எந்த இடத்தில் சிரிப்பார், தான் எந்த இடத்தில் சிரிப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியில் மின்சாரம் போய்விட்டது. அண்ணி நிறுத்தவில்லை.