எண்ணெய் குடித்த புல்தரை

புல்தரைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் குற்றாலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து செங்கோட்டை நம் பக்கம் வந்து சேர்ந்ததற்கு மறுவருஷம் அது. என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குத் தோட்டக்காரர். காவலும் அவரேதான். பங்களா திருநெல்வேலி வக்கீல் ஒருவருடையது. ஆனி பிறந்தால் சாரலுக்குக் குடும்பத்தோடு வந்து மூன்று மாதம் தங்குவார். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். பின்பக்கம் ஓடு போட்ட இரண்டு அறைகள் எங்களுக்கு. தென்காசியில் மாமியார் வீட்டில் நான் வாய்ச்சண்டை போட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் மூன்று பாத்திரமுமாக வெளியே வந்தவர்கள் நாங்கள். திரும்பிப் போக முடியாதபடி பேசிவிட்டு வந்திருந்தேன். அந்த இரண்டு அறைகளை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. மூத்தவளுக்கு இரண்டு வயது, வயிற்றில் ஒன்று ஐந்து மாதம்.

பங்களாவுக்கு முன்னால் புல்தரை. முன்பு அங்கே இருந்த துரை ஒருவர் போட்டது என்பார்கள். வக்கீல் ஐயாவுக்கு அது உயிர். ஜட்ஜுமார், டாக்டர்மார் வந்தால் அதில் பிரம்பு நாற்காலி போட்டு டீ கொடுப்பார். செருப்புக் காலோடு யாரும் மிதிக்கக் கூடாது. எங்களுக்கு முன்னால் இருந்த தோட்டக்காரர், அசந்த நேரத்தில் ஆடு உள்ளே புகுந்துவிட்டதற்காக அன்று மாலையே சட்டி பானையோடு கேட்டுக்கு வெளியே நின்றாராம். எங்களை வேலைக்கு வைத்தபோது ஐயா பேசியது ஒரே பேச்சுதான்.

"ஓடு ஒடைஞ்சா மாத்திக்கலாம். லானு போச்சுன்னா நீயும் போயிர வேண்டியதுதான்."

அந்த வருஷம் என் தங்கைக்குக் கீழப்பாவூரில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. வயல், களம் எல்லாம் உள்ள குடும்பம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, "ஒங்களுக்கு எந்தூரு, என்ன வீடு?" என்று என்னைக் கேட்டார்கள். "குத்தாலத்துல பங்களாவுல இருக்கோம் அத்தை" என்றேன். பொய் இல்லை. பின்பக்கம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதோடு விட்டேனா? "அருவிக்கு வந்தா நம்ம வீட்டுக்கு வராமப் போயிராதீய" என்றும் சொல்லி வைத்தேன். கொழுப்புத்தான்.

சித்திரை நடுவில் மலையில் கோடை மழை கொட்டி, வறண்டு கிடந்த அருவியில் தண்ணீர் விழுந்தது. மறுநாள் காலையில் இரண்டு வில்வண்டிகள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றன. கீழப்பாவூர்க்காரர்கள், பதினோரு பேர். என் வீட்டுக்காரர் மண்வெட்டிக்குக் காம்பு போடத் தென்காசி போயிருந்தார். நான் தனியாக இருந்தேன்.

எண்ணெய் தேய்க்காமல் அருவியில் போய் நிற்கிற ஆளை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது. அவர்களும் தூக்குவாளி நிறைய நல்லெண்ணெயோடுதான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புல்தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார்கள்.

"மெத்துன்னு இருக்கே. இங்கனயே தேச்சு, வெயில்ல ஊறிட்டுப் போயிருவோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாக வீடு தேடி வந்த சம்பந்திமாரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால், அப்படியானால் இது யார் வீடு என்று கேட்பார்களே. ஆண்கள் ஒரு வரிசையும் பெண்கள் வேப்பமரத்தடியில் ஒரு வரிசையுமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் எண்ணெய் போதவில்லை என்று நானே எங்கள் அடுக்களையிலிருந்து எடுத்து வந்து ஊற்றினேன். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை வழிய வழியத் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறினார்கள். அருவிக்குப் போய்விட்டு வந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "ராசியான வீடு" என்றார்கள். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் புல்தரையில் பதினோரு வட்டங்கள் தெரிந்தன. முதலில் மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், பிறகு கறுப்பு. சித்திரை வெயில் எண்ணெயைக் காய்ச்சிப் புல்லைப் பொரித்துவிட்டது. என் வீட்டுக்காரர் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. புல்தரை நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நாம எங்கட்டி போவோம்?" என்றார்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மண் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எண்ணெய் போக என்ன செய்வோம்? வீட்டில் இருந்த சீயக்காயை எல்லாம் கரைத்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வட்டத்தையும் தலை தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். மூன்று நாள். நுரை பொங்கிற்று. எண்ணெயையும் இழுத்துக்கொண்டு அது பக்கத்து நல்ல புல்லுக்குள் வழிந்தது. அடுத்த வாரம் வட்டங்கள் பெரிதாகியிருந்தன.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற இலத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாரல் சமயத்தில் ஐயாவும், அந்தத் தெருவில் உள்ள மற்றப் பங்களாக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருஷம் பூராவும் அவர் குடும்பம் சாப்பிடுவது அந்த மூன்று மாத வேலையால்தான். நான் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"தலைக்கு ஆகும் தங்கச்சி, தரைக்கு ஆகாது. நான் ஒக்காந்து தேய்க்க மரத்தடியப் பாத்திருக்கீயளா? பதினஞ்சு வருசமா அங்கன ஒரு புல்லு மொளைக்கல."

அவரே உள்ளே வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு வேறு மண் போட வேண்டும், வேறு வழியே இல்லை என்றார்.

தோண்டினோம். என் வீட்டுக்காரர் வெட்ட, நான் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டினேன். ஓடைக்கரை வண்டலும் மக்கின சாணமும் கலந்து குழிகளை நிரப்பினோம். சிற்றாற்றங்கரையிலிருந்து என் வீட்டுக்காரர் புல் பெயர்த்து வந்து பதித்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சை தட்டியது. நான் சாமி கும்பிட்டேன். வீட்டுக்காரர் குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் கறுப்பாகச் சின்னக் கிழங்கு. கோரை. ஒரு கிழங்கு மண்ணில் தங்கினாலும் புல்தரை முழுவதையும் தின்றுவிடும். அத்தனை வட்டத்தையும் மறுபடியும் தோண்டி எடுத்தோம். வைகாசி பாதி போய்விட்டது.

குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியவள், குற்றாலநாதர் சன்னிதியில் நின்று புல் முளைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ராத்திரி தூக்கம் இல்லை. பாத்திரத்தைத் துலக்கி வைக்கும்போதெல்லாம், இதை எந்தச் சாக்கில் கட்டுவது என்று நினைப்பு ஓடும். மகள் புல்தரைப் பக்கம் நடந்தால் முதுகில் ஒன்று வைத்தேன். பாவம், அதற்கு என்ன தெரியும்.

அந்த நேரத்தில்தான் இலத்தூர்க்காரர் ஒரு நனைந்த சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய அண்ணனின் தென்னந்தோப்பு வாய்க்கால் வரப்பில் வெட்டிய அருகம்புல்.

"எங்க வரப்புல கோரை கெடையாது. இருந்தாலும் ஒவ்வொரு வேரா ஒதறிப் பாத்துட்டுத்தான் கட்டுனேன்" என்றார்.

ஐந்து தடவை அப்படிச் சுமந்து வந்தார். எங்களோடு உட்கார்ந்து விரல் அகலத்துக்கு ஒன்றாக நட்டார். கிணற்றில் அடித்தண்ணீர்தான் இருந்தது. இறைத்து இறைத்து என் வீட்டுக்காரரின் உள்ளங்கை கொப்புளித்துப் போயிற்று. இலத்தூர்க்காரர் எங்கள் வீட்டில் குடித்தது கருப்பட்டிக் காப்பி மட்டும்.

இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டபோது நான் வானத்தைப் பார்த்துத் திட்டினேன். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று ஐயாவிடமிருந்து கடுதாசி வந்தது. புல் நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

ஐயா காரிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே புல்தரைக்குத்தான் போனார். பழைய புல்லுக்கு நடுவே பதினோரு வட்டங்களும் இளம்பச்சையாகத் தனித்துத் தெரிந்தன. ஒரு வட்டத்தின் ஓரத்தில் குனிந்து மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். வருஷா வருஷம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவருக்கு அந்த வாடை தெரியாதா?

"யாருலே இங்கன எண்ணெய் தேச்சது?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் தலையில் பழி போடவும் அவருக்கு வராது. "ஐயா, நான்தான்..." என்று அவர் வாயெடுத்தார். அவ்வளவுதான், இன்றைக்குச் சாயந்திரம் ரோட்டில் நிற்கப் போகிறோம் என்று எனக்குத் தோன்றியது. நான் முன்னால் வந்தேன்.

"அருவிக்கர எண்ணெய்க்காரருதான் ஐயா. இவுக தென்காசிக்குப் போயிருந்தாக. ஆளுகளக் கூட்டியாந்து இங்கன ஒக்கார வச்சுத் தேச்சுவிட்டாரு. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அத்தனை கோர்வையாக வந்தது.

"இனிமே அவன் இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கப்பிடாது" என்றார் ஐயா. சாயந்திரம் டீ குடிக்க வந்த பக்கத்துப் பங்களாக்காரர்களிடமும் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாகிற வரைக்கும் அதைப் பற்றி அவர் பேசியது மறுநாள் சொன்ன ஒரே பேச்சுதான்.

மறுநாள் காலையில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தூக்குவாளியும் துண்டுமாக இலத்தூர்க்காரர் கேட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும், "நீயே போய்ச் சொல்லு" என்று பின்பக்கம் போய்விட்டார்.

"ஐயா வந்துட்டாகளாம்லா?" என்றார் சந்தோஷமாக.

"உள்ள வர வேண்டாம்னு சொல்லிட்டாக அண்ணாச்சி."

"ஏன் தங்கச்சி?"

நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் என்னையும் பங்களாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் தேச்சேன்னு சொல்லிட்டீயளாக்கும்."

"ஆமா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை ஏசுவார், ஐயாவைக் கூப்பிட்டுக் கத்துவார் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் தேவலை என்று இப்போது நினைக்கிறேன். அவர் எனக்குப் பின்னால் புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேப்பமரத்தடி வட்டத்துல தண்ணி தேங்கி நிக்கி. வடிச்சு விட்ருங்க. வேரு அழுகிரும்" என்றார். தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு இறக்கத்தில் நடந்து போனார். அந்தச் சாரலில் எந்தப் பங்களாவும் அவரைக் கூப்பிடவில்லை. ஆடி பிறக்கும் முன்பே இலத்தூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கீறி வடித்து விட்டேன். தண்ணீர் வடிந்ததும் ஒரு புல்லை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. வீடு எங்களுக்குத்தான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஐயாவின் சம்சாரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சத்தம் கொடுத்தார்கள். "ஏட்டி, புள்ளத்தாச்சி மழையில நனையலாமா? வீட்டுக்குள்ள போ."

எழுந்து வீட்டுக்குள் போனேன்.