வண்டி நின்றது மரியதாஸ் அண்ணன் வேலையால் அல்ல

எண்ணூரில் ஒரு கம்பெனி வாசலில் பேட்டரி வண்டி ஒன்றை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் மரியதாஸ் அண்ணன் பெயர். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் வண்டியைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "எறக்கிட்டு இருக்கேண்ணே, லைட்டெல்லாம் எரியுது" என்றேன். பேசியது அவர் மனைவி ஜெசிந்தா. "அண்ணாச்சி, அவரு பூட்டாரு" என்றார். பலகைச் சரிவில் பாதி இறங்கிய வண்டியைப் பிடித்தபடி நின்றேன். விடவும் முடியவில்லை, இறக்கவும் தெம்பில்லை.

அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி நம் வியாபாரிகள் சங்கத்தில் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு முன்னால் ஒரு பேச்சைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அடக்கத்தன்று அவரை ஏற்றிப் போன வண்டி பாலத்தின் மேல் நின்றுவிட்டது. பார்த்தவர்களும், பார்த்தவர்களிடம் கேட்டவர்களும், "அவரு போட்ட வயரிங்கே அவர கவுத்துடுச்சி" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். செத்தவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. எனக்கு எழுத்து வராது. ஆனாலும் இதை நீங்கள் நம்பியாக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ரிசார்ட்டுகளும் கோல்ஃப் கிளப்புகளும் கழித்துக்கட்டும் பேட்டரி வண்டிகளை வாங்கி, தண்டையார்பேட்டை குடோனில் சரிசெய்து விற்கிறேன். பகலில் புல்வெளியில் ஓடிய வண்டிக்கு விளக்கு ஏது? இங்கே கன்டெய்னர் யார்டுக்குள் விட வேண்டுமானால் முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேண்டும். அவையெல்லாம் பன்னிரண்டு வோல்ட். வண்டியோ எட்டு பேட்டரி சேர்ந்து நாற்பத்தெட்டு வோல்ட். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் இருந்த வயரிங்காரர் சுலபமான வழி ஒன்று வைத்திருந்தார். எட்டில் இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்தால் பன்னிரண்டு வோல்ட் கிடைத்துவிடும். கிடைத்தது. விளக்கும் எரிந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் விற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடிக்கே பஸ் ஏறலாமா என்றிருந்தேன்.

அப்போது வந்து சேர்ந்தவர்தான் மரியதாஸ் அண்ணன். துறைமுகத்து லாரிகளுக்கு வயரிங் பார்த்துக்கொண்டிருந்தவர். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எட்டு பேரு தூக்க வேண்டிய சவப்பொட்டிய ரெண்டு பேரு தோள்ல வச்சிட்டு, மீதி ஆறு பேரும் கைய வீசிகினு வந்தா இன்னா ஆவும் அண்ணாச்சி?"

அந்த இரண்டு பேட்டரியும் முதலில் இறங்கும். சார்ஜரோ எட்டுக்கும் ஒரே அளவில்தான் ஏற்றும். இரண்டு நிரம்பாது, ஆறு கொதிக்கும், கடைசியில் எட்டும் போகும். இதை அவர் விளக்கியபோதுதான் என் காசு போன வழி எனக்குத் தெரிந்தது. எட்டிலிருந்தும் சேர்த்து எடுத்துப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டரை வைத்தார். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். "பீசு சாவட்டும், வண்டி பொழச்சிக்கும்" என்பார். அவர் கை பட்ட வண்டி எதுவும் விளக்குக்காகத் திரும்பி வந்ததில்லை.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டி கேட்டார். சரம் சரமாக பல்பு, நாலு ஸ்பீக்கர், புகை விடும் மெஷின். நான் தலையாட்டிவிட்டேன். வியாபாரியின் தலை அப்படித்தான் ஆடும். அண்ணன் கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ மாப்ளய கூட்டினு போவணுமா, ஈபி ஆபீஸ கூட்டினு போவணுமா?" என்று கேட்டார். மண்டபத்துக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் அண்ணனுக்கும் அன்று பெரிய சண்டை. வண்டி எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் ஒரு பல்பு போட அவரை யாராலும் மசிய வைக்க முடிந்ததில்லை.

அமரர் வண்டியும் அவர் யோசனைதான். எங்கள் பக்கத்துச் சந்துகளுக்குள் வேன் நுழையாது. மெயின் ரோடு வரை கையிலேயே தூக்கி வருவார்கள். பேட்டரி வண்டி ஒன்றின் பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி வைக்கிற மாதிரி செய்தோம். மேலே ஒரு வெள்ளை விளக்கு, கூட உட்கார்ந்து வருகிறவருக்குச் சின்ன ஃபேன், ஜெபம் கேட்க ஒரு ஸ்பீக்கர். அவ்வளவுக்கு மட்டும் தாங்கும் கன்வெர்ட்டர். சத்தமில்லாமல் போகும் வண்டி. அழுகிறவர்களின் அழுகை கேட்கும்.

நெஞ்சு வலி என்று சேர்த்தபோது போய்ப் பார்த்தேன். "நான் பூட்டா நம்ம வண்டில தான் போவணும். நீ தான் ஓட்டணும்" என்றார். கிறுக்குத்தனமாகப் பேசாதீர்கள் என்று அதட்டினேன். அவர் விடவில்லை. "நடுவுல நிக்கக் கூடாது அண்ணாச்சி. நின்னா, மரியதாஸ் வேல இவ்ளோ தான்னு சொல்வானுங்க." சொத்து, கடை, ஜெசிந்தாவின் எதிர்காலம் எதைப் பற்றியும் பேசவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார்.

வண்டியை முழுக்க சார்ஜ் ஏற்றிக் காலையில் அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கல்லறை ஏற்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி முழுக்க சீரியல் பல்பு. இரண்டு பெரிய ஸ்பீக்கரில் பாட்டு. ஜெசிந்தாவின் தம்பி ஸ்டீபன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவன் தன் பேட்டரியில் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கோவிலில் பூசை முடிந்தது. பெட்டியை ஏற்றினோம். நான் ஓட்டினேன்.

பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியது. பாட்டு இழுத்தது. விளக்கு மங்கியது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெடலை எத்தனை முறை மிதித்தும் அந்த 'டிக்' மட்டும்தான் வந்தது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அவர் கேட்ட ஒன்றே ஒன்று அது.

சீட்டைத் தூக்கினேன். எட்டில் இரண்டு பேட்டரியின் மேல் சிவப்பும் கறுப்புமாக ஸ்டீபனின் கிளிப்புகள் கடித்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அத்தனை பாட்டும் அத்தனை விளக்கும் அந்த இரண்டின் தலையில். மரியதாஸ் அண்ணனின் கன்வெர்ட்டர் ஓரமாக, ஒரு குறையுமில்லாமல் இருந்தது. பின்னால் யாரோ, "வயரிங்கு அவரு போட்டது தானே" என்றார்கள். சீட்டைத் திறந்து காட்டியிருந்தால் அண்ணன் பெயர் அங்கேயே தப்பித்திருக்கும். ஆனால் எதிரில் ஸ்டீபன் நின்றான். கிளிப்பைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, அவன் முகம் செத்துப்போயிருந்தது. நான் சீட்டை மூடினேன்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்தார். "அவரு வேலையால நின்னுச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"அது போதும்" என்றார்.

மறுபடி சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கையை விட்டு, அண்ணன் எனக்குக் காட்டியிருந்த சுவிட்சை இழுவைப் பக்கம் தள்ளினேன். அதை மாற்றாமல் வண்டியைத் தள்ளினால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். ஸ்டீபன் முதலில் கை வைத்தான். பிறகு பங்குக் கோவில் ஆட்கள், லாரிக்காரர்கள், ஜெசிந்தா. ஹாரன் அடித்த கன்டெய்னர் டிரைவரும் இறங்கி வந்து தள்ளினார். பாட்டு இல்லை, விளக்கு இல்லை. அந்த ஏற்றத்தில் அவரை எல்லோருமாகத்தான் கொண்டுபோனோம்.

பேச்சு பரவிய பிறகு ஸ்டீபன் குடோனுக்கு வந்தான். "சின்ன ஸ்பீக்கர்ல மாமாவ எப்டி அனுப்பறதுனு தோணிச்சி. கன்வெர்ட்டர்ல குடுத்தா கட் ஆயிகினே இருந்துச்சி. அதான் ரெண்டுல போட்டேன்" என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். "எழுதுறீங்களாமே, என் பேர போட்டே எழுதுங்க அண்ணாச்சி. மாமா பேரு கெட்டுக்கினு கீது" என்றான். அதனால்தான் எழுதுகிறேன். அவனைத் திட்டாதீர்கள். அவன் படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பாடும் நன்றாக இல்லை. குடோனில் வண்டிகள் விளக்கில்லாமல் வரிசையாக நிற்கின்றன. வந்து பார்த்த வயரிங்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ரெண்டு பேட்டரியில் கொடுத்துவிடலாமா என்றுதான். அவர்களை அனுப்பிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

அமரர் வண்டியில் வீணாய்ப் போன இரண்டு பேட்டரியை மட்டும் மாற்றினேன். அவர் போட்ட வயரில் ஒரு டேப்பைக்கூட நான் பிரிக்கவில்லை. பிரிக்கவும் விடமாட்டேன். போன வாரம் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வண்டி கேட்டார்கள். நானே ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் பழக்கத்தில் கை போனை எடுத்து அண்ணன் எண்ணை அழுத்திவிட்டது. ஜெசிந்தா எடுத்தார். "வண்டி போய்ட்டு வந்துதும்மா" என்றேன்.

"நடுவுல நிக்கலியே அண்ணாச்சி?"

"நிக்கலம்மா."

அந்த எண்ணை அண்ணன் பெயரிலேயே வைத்திருக்கிறேன்.