பின்பாரம்

காலை பத்து நாற்பதுக்கு அந்தத் தனியார் பஸ் எங்களை முந்தியது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்தே முக்கால் ஆகப் போகுது, கொஞ்சம் வேகமாத்தான் போயேன் கண்ணு" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். நான் சொன்ன பேச்சை அவள் மறு பேச்சில்லாமல் கேட்டது அபூர்வம். அன்றைக்குப் பார்த்துக் கேட்டாள்.

பஸ் கிளப்பிய காற்றில் எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டியிருந்த ட்ரெய்லர் லேசாக அசைந்தது. பக்கத்துக் கண்ணாடியில் அதன் ஓரம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. மறுபடி எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. பிறகு எங்கள் இருக்கையையே யாரோ பின்னாலிருந்து இடமும் வலமும் பிடித்து உலுக்குவது போல இருந்தது. பல்லடம் தாண்டிப் பொங்கலூர் போகும் சாலை, லேசான இறக்கம், எதிரே லாரி.

"பிரேக்கப் புடி! பிரேக்கப் புடி!" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் என் பக்கத்துத் தரையை வலது காலால் மிதித்து மிதித்து நானும் பிரேக் போட்டேன்.

அவள் பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி தானாக வேகம் குறைந்தது. ஆட்டமும் குறைந்தது. லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனார். ஒரு புளியமரத்தின் கீழே ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதான், "அம்மா, கைய விடு" என்றாள். அவள் முழங்கையைப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. ஐந்து விரல் தடமும் இருந்தது.

அவள் ஏன் ஓட்டினாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. டிரைவர் தெற்கே தன் ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போய்விட்டார். ஆடிச் சாரலில் வெயிலே இல்லை. சாயம் போட்ட துணியைக் காயப்போட வழியில்லாமல், பொங்கலூர்ப் பக்கம் டிரையர் வைத்திருப்பவரிடம் ஈரத்தோடு அனுப்ப வேண்டியிருந்தது. வெட்டி வைத்த உலர்ந்த துணி மூட்டைகள் அதையும் தாண்டிக் காங்கயம் பக்கத்துத் தையல் யூனிட்டுக்குப் போகவேண்டும். கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் பையரின் ஆள் வருவதாக இருந்ததால் என் கணவரால் நகர முடியாது. மகள் இன்ஜினியரிங் முடித்து, லைசென்சும் வாங்கி, வீட்டில் சும்மா இருந்தாள். ஒரு மாதமாக அவரிடம் கெஞ்சி, அன்றைக்குத்தான் சாவி வாங்கினாள். "ஒழுங்காப் போய்ட்டு வந்தா இனிமே இது உன்ற வண்டி. ஒரு கீறல் விழுந்தாலும் சாவி எங்கிட்ட வந்துரோணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் கண்காணிப்பாளராகக் கூடப் போனேன். எம்.ஏ. வரலாறு படித்தவளுக்கு அதற்கான தகுதி போதும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

ட்ரெய்லருக்கும் ஒரு வரலாறு உண்டு. மின்வெட்டு கடுமையாக இருந்த அந்த வருடங்களில் ஜெனரேட்டரோடு சேர்த்து வாங்கியது. ஜெனரேட்டரை இறக்கிக் கம்பெனியில் நிரந்தரமாக வைத்ததும், இரண்டு சக்கரமும் கொக்கியும் மிச்சமாயின. எதையும் வீணாக்காத என் கணவர் சுற்றிலும் தகரம் வைத்து வெல்டிங் பண்ணித் துணி ஏற்ற வைத்துக்கொண்டார்.

செல்போனில் அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லீல்ல?"

"இல்லீங்க."

"வண்டியத் தொடாதீங்க. நான் வந்து ஓட்டிக்கறேன்."

மகளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். முகம் சின்னதாகிவிட்டது. எனக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. சாவி அவரிடம் போகட்டும். பிள்ளை முழுசாக இருந்தால் போதும்.

"காத்துனால கண்ணு. ஆடிக் காத்து" என்று சமாதானம் சொன்னேன்.

"காத்து எல்லாருக்குந்தானே அடிக்குது? அதோ அந்த மொபெட்காரர் நேராத்தானே போறாரு?"

"அப்ப பஸ்காரன்."

"அடுத்தது நானா?"

நான் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

அவள் இறங்கி டயர்களை உதைத்துப் பார்த்தாள், சக்கர நட்டுகளைத் திருகிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, பிக்கப்போடு இணைக்கும் கொக்கியின் ஊசியை உருவினாள். உருவியதுதான் தாமதம், ட்ரெய்லரின் முன்கம்பி தானாகவே மேலே எழும்பியது. பின்பக்கம் தரையில் போய் உட்கார்ந்தது. இருவரும் விலகிக் குதித்தோம்.

"அம்மா, இத ஏத்துனது யாரு?"

"உங்கப்பாதான். வேற யார ஏத்த விடுவாரு?"

ஏற்றுவதில் என் கணவருக்கு ஒரே சட்டம். முதலில் இறங்குவது கடைசியில் ஏற வேண்டும். போகிற இடத்தில் எதையும் கலைக்காமல் மேலாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்கள் ஊரில் டெம்போ, வேன் என்று எதில் துணி ஏறினாலும் இதுதான் வழக்கம். ஈரத்துணி பொங்கலூரில் முதலில் இறங்குவது. ஆகவே அது முழுவதும் வால் பக்கம். பஞ்சு போன்ற உலர்ந்த மூட்டைகள் முன்னால். ஒழுங்கைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு ஈர மூட்டையைத் தூக்கிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

"முன்னாடி பாரமே இல்ல. பின்னாடி கனம் இழுக்க இழுக்க, ஆட ஆரம்பிச்சா நிக்காது" என்றாள்.

"அப்பா தொடக்கூடாதுன்னாரே?"

"வண்டியத்தானே தொடக்கூடாதுன்னாரு? துணியத் தொடறதுக்கு என்ன?"

இப்படிப் பேசத்தான் நாலு வருடம் படிக்க வைத்தோம். ஆனாலும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். உலர்ந்த மூட்டைகளை எல்லாம் மரத்தடிக்கு இறக்கினோம். ஈர மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து, சக்கரங்களுக்கு முன்னால் வரும்படி அடுக்கினோம். நீலச் சாயத் தண்ணீர் என் முழங்கை வழியாக ஓடிப் புடவையில் இறங்கியது. எல்லாவற்றையும் முன்னாலேயே தள்ளினேன்.

"போதும், போதும். ரொம்பப் போட்டா பிக்கப்போட பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் லேசாயிரும். ரெண்டு மூட்டைய சக்கரத்து மேலயே வையி."

உலர்ந்தவற்றைப் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். இப்போது முன்கம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கித்தான் கொக்கியில் மாட்ட முடிந்தது.

"கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துட்டு வந்துரலாமா?" என்று கேட்டாள். என்னை ஏன் கேட்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முழங்கையில் என் விரல் தடம் இன்னும் மறையவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. இன்னொரு பஸ் முந்திப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மா, கண்ணாடியப் பாரு" என்றாள். பார்த்தேன். ட்ரெய்லரின் ஓரம் எட்டிப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்து அதே மரத்தடியில் நிறுத்தினோம். இன்றைக்கும் எந்த வண்டியில் போனாலும் என் கண் முதலில் பக்கத்துக் கண்ணாடிக்குத்தான் போகிறது. பின்னால் ட்ரெய்லரே இல்லாவிட்டாலும்.

என் கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு என் நீலப் புடவையை. பிறகு ட்ரெய்லரை. அங்கேதான் அவர் முகம் மாறியது.

"யாரு இப்படித் தலைகீழா ஏத்துனது? ஈரத்துணி முன்னாடி கெடக்குது! டிரையர்ல போயி எப்படி எறக்கறது?"

"பின்னாடி இருக்கறத எறக்கி வெச்சுட்டு, மறுபடி ஏத்தோணுங்கப்பா" என்றாள் மகள்.

"ரெண்டு வேலையாச்சே சாமி!"

"ஆமாங்கப்பா. ஆனா ஆடாதுங்கப்பா."

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள், கம்பி எழும்பியதை, பஸ் முந்தியதை. அவர் ட்ரெய்லரைச் சுற்றி நடந்தார். முன்கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தார். மகள் சாவியை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் பைக்கைத் திருப்பினார்.

"நீயே ஓட்டு சாமி. மெதுவாப் போ. நான் பின்னாடியே வர்றேன், எறக்கி ஏத்த ஆள் வேணுமல்ல."

பிறகு, புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, நீ எங்கூட பைக்குல ஏறு. ரொம்பப் பின்னாடி தள்ளி உக்காந்துராத. ஆடும்."