கம்பிக்குப் பக்கத்தில் நான்

எங்கள் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் என்றால் என் வீட்டுக்காரர்தான். மடுல்சீமைப் பக்கத்தில் அவர் மாதிரி வாசிக்க ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. போன வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கை நடுங்கும். ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டு, பஜனை நடக்கிற வெள்ளிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்கள் மகள், தானே செய்த ஒரு பலகைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். தெரமின் என்று பெயராம். தொடவே வேண்டாம். மேலே நிற்கும் கம்பிக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் சத்தம் ஏறும், விலக்கினால் இறங்கும். கம்பிக்குப் பழைய ரேடியோ ஏரியலைப் பூட்டியிருந்தாள்.

அவர் கையை நீட்டினார். பூனை அழுகிற மாதிரி கேட்டது. ரேடியோவுக்குச் செய்கிற பழக்கத்தில் நான் ஏரியலை, ஸ்டேஷன் தெளிவாகக் கிடைக்கிற மலை இடுக்குப் பக்கம் சாய்த்துவிட்டேன். இன்னும் மோசமாகிப் போனது.

"இது ஸ்டேஷன் புடிக்கிற பெட்டி இல்லம்மா," என்றாள் மகள். "அப்பா கையத்தான் புடிக்குது."

"அப்ப என் கை சரியில்லன்னு சொல்லு," என்றார் அவர்.

"கம்பிதாம்பா சரியில்ல. குட்டையா, மெல்லிசா இருக்கு. சுரமெல்லாம் அதுகிட்ட நெருக்கியடிச்சு நிக்குது. கை லேசா நடுங்குனாலே அடுத்த சுரத்துக்குப் போயிருது."

அடுத்த தடவை வந்தபோது நெட்டையான செப்புக் குழாயை நேராக நிறுத்தி, பெட்டியின் குமிழையும் திருப்பிச் சரிசெய்தாள். சுரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. அவருடைய நடுக்கம் இப்போது பாட்டுக்குள்ளேயே குழைந்தது.

அவர் சாய்ந்துவிடாமல் நான் தோளைப் பிடித்து நின்றேன். நான் அசையும்போதெல்லாம் சுதி விலகியது. என் உடம்பையும் அந்தக் குழாய் கண்டுகொள்கிறதாம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தள்ளி நின்றேன். அவர் கையை இறக்கிவிட்டார்.

"அவ புடிக்காம என்னால நிமிந்து ஒக்கார முடியாது. அவளையும் சேத்தே சுதி வையி."

மகள் பக்கத்தில் முக்காலி போட்டாள். நான் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன்.

"அசையக் கூடாது புள்ள. மூச்சு மட்டும் விட்டுக்க," என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஆண்கள் உட்காரும் பக்கம் அவரை ஒட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பஜனை பாடுகிற ஒருவர் குனிந்து, "என்னா அக்கா, பொம்பளைங்க அந்தப் பக்கமுல்ல," என்றார்.

"நான் எந்திரிச்சா பாட்டு எறங்கிரும் தம்பி," என்றேன்.

என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கினார்.