ராணி சொல்லும் பழி

மலேசியாவில் ஆயர் தாவார் ஊர்ப் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. ஆனாலும் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் ஈப்போவிலிருந்து போய்விடுவோம். வருஷா வருஷம் அதே பழைய நாடகத்தைப் போடுவோம். பதினோரு வருஷம் நான்தான் ராணி. இந்த வருஷம் தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து லயத்து வீட்டில் வளர்ந்த சின்னவள் ஒருத்திக்கு அந்த வேஷத்தைக் கொடுத்து, என்னைத் தோழியாக்கிவிட்டார்கள். வயிறு எரிந்தது. "உங்களுக்கும் வயசாச்சுலா" என்று கோயில் தலைவர் சொன்னதில் இன்னும் எரிந்தது.

அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழில் பொரிந்து தள்ளுவாள், படிக்க வராது. அப்படிப்பட்டவர்களுக்கு வசனத்தை ரூமியில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கஷ்டமான சொல்லுக்குப் பக்கத்தில் மலாயில் அர்த்தம் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

ராணி வேஷமே 'பழி' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. முதல் காட்சியில் அது ஊர் வாய் பேசும் அவதூறு, அவள் கூசிப்போகிறாள். நடுவில், புருஷனைக் கொன்றவனைத் தேடும் வெறி. கடைசியில், ஆள் மாறிக் கொன்றுவிட்டோம் என்று தெரிந்ததும் அதுவே பாவம். அங்கே குரல் இறங்க வேண்டும். இது பிடிபட எனக்கே நாலு திருவிழா ஆனது. அவளுக்கு மட்டும் சும்மா கிடைக்க வேண்டுமா? மூன்று இடத்திலும் 'டென்டாம்' என்று எழுதிவைத்தேன். பழிவாங்கல், அவ்வளவுதான். மூச்சுக்கு மூச்சு கத்தட்டும், ஊர் சிரிக்கட்டும்.

ஒத்திகையில் கடைசிக் காட்சி வந்தது. தாளைப் பார்த்தாள், நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, யார் காதிலாவது விழுந்துவிடப்போகிறது என்பதுபோல் அந்தச் சொல்லைச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை.

முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, முதல்லயும் கடைசியிலயும் அர்த்தம் மாத்தி எழுதிட்டீங்க போல. கண்ணு சரியா தெரியலையா?"

"ஆமாம்மா, எழுத்தெல்லாம் மங்குது" என்றேன்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டு, ஈப்போவில் கண்ணாடிக் கடைக்கு அவளே காரில் கூட்டிப்போனாள். சோதித்த சீனர் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல வேளைக்கா, நேத்துலேர்ந்து பயந்துகிட்டே இருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.