அடைத்த பொட்டுகள்

ஸ்டுட்கார்ட்டில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, பாலைவனத்தில் வீடு கட்டுவது. அட்டையால்தான். அரபு நாடொன்றில் எழப்போகும் புதிய நகரத்துக்கு ஒரு கட்டடக்கலை அலுவலகம் மாதிரி செய்துகொண்டிருந்தது. ஊரில் படவரைஞனாக இருந்தவன் என்பதால் என்னைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். மாதிரி நல்லபடி முடிந்தால் முதலாளி என் அன்ட்ராக்கில், அதாவது வேலை விண்ணப்பத்தில், கையெழுத்து வைப்பார், வேலை அனுமதி நிலைக்கும். இல்லையென்றால் மனைவியும் மகளும் நானும் அகதி விடுதியின் அதே ஒற்றை அறையில் கிடக்க வேண்டியதுதான்.

என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் தமிழ்நாட்டுப் பெடியன், அந்த அலுவலகத்தில் இஞ்சினியர். வெயிலும் காற்றும்தான் அவன் படிப்பு.

“ஏசியே இல்லாம ஒரு ஊரு வாழணும் அண்ணா, அதான் ஐடியா,” என்பான்.

வீட்டுக்கு வீடு நிழல் கொடுக்கவேண்டும், தெருக்கள் ஒடுங்கி வளையவேண்டும், முற்றத்தின் குளிர்ச்சியை உயர்ந்த மதில் காக்கவேண்டும், மணற்காற்று புகச் சின்ன நீக்கலும் கூடாது. அட, எங்கள் ஊர் ஒழுங்கையைத்தானே இவ்வளவு படித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு என் தம்பியின் வயது. ஆனால் தம்பி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இஞ்சினியர் என்றே கூப்பிட்டேன்.

மாதிரியை அனுப்புவதற்கு முதல்நாள் காலை முதலாளி அதன்மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில் ஒவ்வொன்றிலும், ஓர் ஆள் குனிந்து பூருகிற அளவில் ஒரு வெட்டு. வரைபடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வெட்டியது நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டியது எனக்கே தெரியாது.

“இதென்ன?” என்று ஜெர்மனில் கேட்டார்.

பதறினால் எனக்கு ஜெர்மன் பறந்துவிடும். “பொட்டு,” என்றேன்.

இஞ்சினியர் என்னைக் காப்பாற்றப் பாய்ந்து வந்தான். “பொட்டா? நெத்தியில வைக்கிற பொட்டா?” என்றவன், என் பதிலுக்குக் காத்திராமல், புது வீட்டுக்கு மங்கலக் குறி வைப்பது எங்கள் வழக்கம் என்று மொழிபெயர்த்தும் விட்டான். முதலாளி சிரித்தார். அழகான வழக்கம்தான், ஆனால் போவது முஸ்லிம் நாட்டுக்கு, பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஏலாது,” என்றேன், அவர் சாத்திய கதவைப் பார்த்து.

“என்னண்ணா ஆச்சு? முகமே சரியில்லையே?”

“நெத்திப் பொட்டில்லை இஞ்சினியர். வேலிப் பொட்டு. பக்கத்து வளவுக்குள்ள போய்வர வேலியில விடுற ஓட்டை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வேலியிலும் ஒரு பொட்டு இருந்தது. கறிச் சட்டியும் ஊர்க்கதையும் அதனூடாகத்தான் வந்துபோகும். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடும் வந்தது, நான் வைத்த முருங்கைக் கன்றுகளை மொட்டையடித்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். “ஒரு வாயில்லாச் சீவனோட என்ன கோபம், விடுங்கோவன்,” என்று மனைவி சொன்னாள். கேட்டேனா? தகரம் வைத்து, வேலித்தடியாகக் கதியால் இரண்டு நட்டு இறுக்கி, முள்ளுக்கம்பியும் சுற்றினேன்.

இரண்டு கிழமை கழித்து ஆமி ஒழுங்கைக்குள் வந்தது. பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தம்பி கிணற்றடியில் நின்றிருக்கிறான். சின்ன வயதிலிருந்து ஓடிய ஓட்டம், கால் தானாகவே பொட்டுக்கு ஓடியிருக்கிறது. கந்தோரில் வேலை முடித்து நான் வந்து சேர்ந்தபோது அவன் இல்லை. தகரம் தோளால் இடித்தமாதிரி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அதற்குப் பிறகு அவனைப்பற்றி ஒரு சேதியும் இல்லை.

முருங்கைக் கன்றுக்காக! நான் எல்லாம் ஒரு மனிசனா?

இஞ்சினியர் பசைக் குப்பியை எடுத்தான். “நீங்க வெளியில போயிட்டு வாங்கண்ணா. நான் ஒட்டிடறேன்.”

“வேண்டாம். என்ர வேலை.”

உட்கார்ந்து அட்டைத் துண்டுகளை நறுக்கி, பசை தடவி, ஒவ்வொன்றாக அடைத்தேன். அன்றைக்குக் கோபத்தில் அடைத்தேன், இன்றைக்கு ஒரு கையெழுத்துக்காக அடைக்கிறேன் என்ற நினைப்பு என்னைக் கொன்றது. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டே கடைசிப் பொட்டையும் மூடினேன். பின்னேரம் முதலாளி வந்து விரலால் தடவிப் பார்த்தார். திருப்தியோடு கையெழுத்தும் வைத்தார்.

பெட்டியில் வைக்குமுன் இஞ்சினியர் நகத்தளவு மனிதர்களை முற்றங்களில் ஒட்டிக்கொண்டு வந்தான். எங்கோ ஓரத்து வீட்டில் ஒருவன் தனியாக, நான் அடைத்த இடத்துக்கு நேர் முன்னால், மதிலைப் பார்த்தபடி நின்றான். பசை இன்னும் காயவில்லை. அவனை மெல்லப் பெயர்த்து, மதிலுக்கு மேலாகத் தூக்கி, அடுத்த வளவுக்குள் வைத்தேன்.

“ஏண்ணா?” என்றான் இஞ்சினியர்.

“அவன் அந்தப் பக்கம் போகோணும், தம்பி,” என்றேன்.